சூரியகாந்தி நட்டால் குரோமியம் போகுமா?

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களின் மண்ணோடு பதினெட்டு வருடமாகப் புழங்குகிறேன். செடியின் வேர், அந்த வேரில் குடியிருக்கும் பூஞ்சை, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட, தோல் கழிவில் வந்த குரோமியம் என்ற உலோகம்: என் ஆராய்ச்சி இவ்வளவுதான். போன மாதம் இதைப் பற்றிப் பேசியபோது நேரம் போதவில்லை. பாக்கிக் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி வந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்; கேட்டவர்களின் சொல்லில் கை வைக்கவில்லை.

ஆம்பூர் பக்கத்து விவசாயி: மேடம், டேனரித் தண்ணி பாய்ஞ்ச நிலம், ரெண்டு ஏக்கர். ரெண்டு போகம் சூரியகாந்தி போட்டா குரோமியத்தை உறிஞ்சி எடுத்துடும்னு ஒருத்தர் சொல்றார். விதைக்குப் பணமும் கேட்கறார். போடலாமா?

பணம் கொடுக்காதீங்க ஐயா. முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டும் சுமார் 800 டன் எடை. கிலோவுக்கு 100 மில்லிகிராம் குரோமியத்தைக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வெளியே எடுக்க வேண்டியது 80 கிலோ உலோகம். சூரியகாந்தி ஏக்கருக்கு 4 டன் காய்ந்த தட்டை தருகிறது என்று தாராளமாக வைப்போம். அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் குரோமியம் ஏறியது என்று அதைவிடத் தாராளமாக வைப்போம். ஒரு போகத்தில் நீங்கள் வெளியேற்றுவது 200 கிராம். 80 கிலோவுக்கு 400 போகம். வருடத்துக்கு இரண்டு போட்டாலும் 200 வருடம். உங்கள் பேரனின் பேரனும் சூரியகாந்திதான் வெட்டிக்கொண்டிருப்பான்.

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்பது எனக்குத் தெரியும். செர்னோபில் பக்கம் 1990-களில் ஒரு குளத்தில் மிதவை கட்டி, வேர் தண்ணீரில் தொங்கும்படி சூரியகாந்தி வளர்த்தார்கள். கதிரியக்கத் தனிமங்களை வேர் நன்றாகப் பிடித்தது. ஆனால் அது தண்ணீர். 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானில் வயல் வயலாகச் சூரியகாந்தி நட்டார்கள். அவர்களுடைய வேளாண் அமைச்சகம் அளந்து பார்த்தபோது, மண்ணில் இருந்த கதிரியக்கச் சீசியத்தில் சுமார் 2000-இல் ஒரு பங்குதான் செடிக்குள் போயிருந்தது. காக்காப்பொன் வகைக் களிமண் இருக்கிறதே, அது சீசியத்தை இடுக்கில் வைத்துக் கவ்விக்கொள்ளும். வேர் இழுத்தால் வராது. கடைசியில் மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டித்தான் அகற்றினார்கள்.

பூ அழகாக இருந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

வாணியம்பாடி வேதியியல் ஆசிரியர்: தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். ஆபத்தானது ஆறு. அப்படியானால் பயம் தேவையா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள் சார். பதனிடும் தொட்டியில் போடும் கார குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூன்றாம் வகை. மண்ணில் விழுந்ததும் கெட்டிப்பட்டு உட்கார்ந்துவிடும், நீரில் எளிதில் கரையாது. ஆறாம் வகை அப்படியில்லை. நீரில் கரைந்து கிணறு வரை நடக்கும், புற்றுநோய் தரும். செடியையும் ஏமாற்றும்: உருவத்தில் சல்பேட்டைப் போல இருப்பதால், கந்தகச் சத்து நுழையும் வாசல் வழியாகவே வேருக்குள் போய்விடும்.

மூன்று எப்போதும் மூன்றாகவே இருக்கும் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால், மூன்றாம் வகையில் ஒரு சிறு பங்கை அது ஆறாம் வகையாக மாற்றும். இதை 1979-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் மோசமான வழி ஒன்று உண்டு: தோல் கழிவையும் கசடையும் திறந்த வெளியில் கொளுத்துவது. காற்றும் சூடும் சேர்ந்தால் சாம்பலில் ஆறாம் வகை உருவாகும். குளிர்காய்வதற்குத் தோல் துண்டு எரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவு செய்து உங்கள் மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு என்பதுதான் ஆறுதல். மக்கிய எரு, சாணம், இலைக்குப்பை ஆகியவை ஆறாம் வகையை மூன்றாம் வகையாக இறக்கிவிடும். மண் கொஞ்சம் அமிலமாக இருந்தால் வேகமாக, காரமாக இருந்தால் மெதுவாக. பாலாற்றுப் பக்கம் காரம்தான் அதிகம்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன குவியல் வேறு கதை. அது தோல் கழிவு இல்லை, தோலுக்கான ரசாயனத்தைத் தயாரித்தபோது மிஞ்சியது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அதில் ஆறாம் வகை நேரடியாகவே இருக்கிறது, மழை பெய்தால் மஞ்சளாக வடியும். 2006-இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு வெளியிட்ட பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்ததற்கு அந்தக் குவியலும் காரணம். அங்கே செடியும் பூஞ்சையும் பேசிப் பயனில்லை. அது பொறியாளர்கள் வேலை.

கோவை, முனைவர் பட்ட மாணவி: வேர்ப்பூஞ்சை உலோகத்தைச் செடிக்குள் இழுக்கிறதா, வெளியே நிறுத்துகிறதா? ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொன்று சொல்கிறது மேடம்.

இரண்டும் செய்கிறதும்மா. அதனால்தான் கட்டுரைகள் சண்டை போடுகின்றன. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நிலத்தில் வளரும் செடிகளில் பெரும்பாலானவற்றின் வேரில் பூஞ்சை உண்டு. நோய்ப் பூஞ்சை இல்லை, பங்காளி. 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஃப்ராங்க் இதற்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டது வேறு: விலை உயர்ந்த டிரஃபிள் காளானைப் பயிர் செய்ய வழி சொல்லுங்கள் என்று. அது நடக்கவில்லை, இது கிடைத்தது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறையில், 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகளுக்குள்ளேயே இந்தப் பூஞ்சையின் உருவம் அப்படியே கல்லாகி இருக்கிறது. ஒழுங்கான வேர் என்ற ஒன்று உருவாகும் முன்பே கூட்டணி அமைந்துவிட்டது.

செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. பூஞ்சை தன் இழைகளால் வேர் எட்டாத தூரத்திலிருந்து மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கொண்டுவருகிறது. இழை வேர்த்தூவியைவிட மெல்லியது, மண் துகளின் சந்துபொந்தில் எல்லாம் நுழையும். துத்தநாகம், தாமிரம் குறைவாக உள்ள மண்ணில் அவற்றையும் கொண்டுவரும். அதே உலோகம் மிதமிஞ்சிக் கிடக்கும் மண்ணில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். இழையின் சுவரில் இருக்கும் கைட்டின் போன்ற பொருள்கள் உலோகத்தை ஒட்ட வைத்துக்கொள்ளும். உள்ளே போனது பாஸ்பேட் சங்கிலியோடு பிணைந்து அறையில் அடைபடும். குரோமியத்தில் இன்னும் ஒரு படி: இழையின் பரப்பிலேயே ஆறாம் வகை மூன்றாம் வகையாக மாறி அங்கேயே படிந்துவிடுவதை ஊடுகதிர் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆக வேரில் உலோகம் கூடும், தண்டிலும் இலையிலும் குறையும். முழுச் செடியையும் அரைத்து அளந்தவர் 'கூடியது' என்று எழுதுவார், இலையை மட்டும் அளந்தவர் 'குறைந்தது' என்று எழுதுவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல், பூஞ்சையால் செடி பெரிதாக வளர்ந்துவிடும். அப்போது கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு குறையும், ஒரு செடிக்கு இத்தனை என்ற அளவு கூடும். எந்தக் கட்டுரை எடுத்தாலும் முதலில் எதால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்.

நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு உதவும். பூஞ்சை இல்லாத ஒப்பீட்டுத் தொட்டிக்காக மண்ணை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வேகவைத்தேன். அந்தத் தொட்டிச் செடிகள் எல்லாம் கருகின. 'பார்த்தீர்களா, பூஞ்சை இல்லையென்றால் குரோமியம் கொல்கிறது' என்று பெருமையாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: வெந்த மண்ணில் மாங்கனீசு அளந்தாயா? அளந்தேன். வேகவைத்ததில் மண்ணிலிருந்து மாங்கனீசு கரைந்து ஏறியிருந்தது. செடியைக் கொன்றது குரோமியம் இல்லை, என் ஆட்டோகிளேவ். ஒரு வருட வேலை குப்பைக்குப் போனது. நீ ஒப்பீட்டுத் தொட்டிக்கும் வடிகட்டிய மண்கரைசலை ஊற்று, சின்ன நுண்ணுயிர்களாவது திரும்பி வரட்டும். முடிந்தால் வேகவைத்த மண்ணைச் சில வாரம் ஆறப்போடு.

திருவண்ணாமலை, இயற்கை விவசாயி: கடையில் 'வேம்' பாக்கெட் விக்கிறாங்க. நிஜமா வேலை செய்யுமா?

சில நேரம். 'வேம்' என்பது நான் சொன்ன இதே வேர்ப்பூஞ்சைதான்; வேர் உட்பூசணம் என்று பல்கலைக்கழகங்கள் தருவதும் அதுதான். வெங்காயம், மக்காச்சோளம், மிளகாய், மரக்கன்று நாற்றங்கால் இவற்றுக்கு நல்லது. விதைக்குக் கீழே, வேர் தொடும் இடத்தில் விழ வேண்டும்; மேலே தூவினால் காசு கரைந்தது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பத்துக்கு இந்தப் பூஞ்சையோடு உறவே கிடையாது, அவற்றுக்குப் போடாதீர்கள். தண்ணீர் கட்டிய நெல்லில் பெரிதாகப் பிடிக்காது. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டிவிட்டு இதையும் போட்டால் செடி கண்டுகொள்ளாது. வீட்டில் சோறு நிறைய இருக்கும்போது எடுப்புச் சாப்பாட்டுக்காரனுக்கு யார் கதவு திறப்பார்கள்?

உங்கள் மண்ணில் ஏற்கெனவே பூஞ்சை இருக்கிறது அண்ணா. அடிக்கடி உழாமல், நிலத்தைக் கோடை முழுக்க மொட்டையாகப் போடாமல் இருந்தால் அது தானாகப் பெருகும். பாக்கெட் பிறகு பார்க்கலாம்.

சென்னை, மாடித்தோட்டம் வைத்திருப்பவர்: சிப்பிக் காளான் வளர்த்து முடித்த வைக்கோலைத் தொட்டி மண்ணில் கலந்தால் விஷம் எல்லாம் போய்விடும் என்று படித்தேன். உண்மையா? மழைக்கு முளைக்கும் காளான்களைச் சாப்பிடலாமா?

எந்த விஷம் என்பதைப் பொறுத்தது. மரத்தைத் தின்னும் பூஞ்சைகளில் வெண்ணழுகல் வகை என்று ஒன்று உண்டு. சிப்பிக் காளானும் அந்தக் கூட்டம்தான். மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினை உடைக்க அது சுரக்கும் நொதிகள் ஆள் பார்க்காமல் வெட்டும். டீசல், தார், டி.டி.டி. போன்ற கரிமப் பொருள்களையும் வெட்டும். டி.டி.டி.யைச் சிதைக்கிறது என்று 1985-லேயே காட்டிவிட்டார்கள். எண்ணெய் சிந்திய மண்ணுக்கு உங்கள் வைக்கோல் உதவலாம்.

ஈயம், காட்மியம், குரோமியம் இவை தனிமங்கள். அவற்றை எந்த நொதியாலும் வெட்ட முடியாது. இருக்கும் இடம் மாறும், இருக்கும் உருவம் மாறும், அவ்வளவே. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி காட் குழுவினர், சில பூஞ்சைகள் ஈயத் துண்டை மெல்ல மெல்லப் பைரோமார்ஃபைட் என்ற கரையாத கனிமமாக மாற்றுவதைக் காட்டினார்கள். ஈயம் போகவில்லை, கல்லாகிப் படுத்துவிட்டது. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

காட்டுக் காளான் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சாலையோரம், ஆலை ஓரம், குப்பைமேட்டில் முளைத்ததைத் தொடாதீர்கள், புற்றுக்காளானே ஆனாலும். பல காளான்கள் உலோகத்தை வாரிச் சேர்க்கும். ஜெர்மனியின் பவேரியாவில் இன்றைக்கும் சில காட்டுப்பன்றிகளின் இறைச்சி விற்பனைக்குத் தகுதியில்லாத அளவு சீசியத்தோடு இருக்கிறது. பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் நிலத்தடிப் பூஞ்சைதான் காரணம். 1986 செர்னோபிலின் சீசியம் மட்டுமில்லை, 1960-களின் அணுகுண்டுச் சோதனைச் சீசியமும் அதில் உண்டு.

உங்கள் தொட்டிக்கு என் கவலை வேறு. இடித்த பழைய வீட்டு மண் கொண்டுவந்து நிரப்பினீர்களா? பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கும். பெட்ரோலில் ஈயம் போடுவதை 2000-இல் இந்தியா நிறுத்தியது. அதுவரை சாலையோரத்தில் விழுந்தது அங்கேயேதான் கிடக்கிறது. ஈயம் காய்க்குள் அதிகம் ஏறாது, கீரையின் மேல் ஒட்டிய தூசியாகத்தான் வயிற்றுக்குப் போகும். நன்றாக அலசுங்கள். பிள்ளைகளை அந்த மண்ணில் விளையாட விடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர், குடியாத்தம்: உலோகம் தின்னும் செடி உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது தம்பி! பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்று ஒரு தீவு. அங்கே ஒரு மரத்தைக் கீறினால் பால் நீலப்பச்சையாக வடியும். அந்தப் பாலைக் காயவைத்தால் எடையில் கால்பங்கு நிக்கல். 1976-இல் அறிவித்தார்கள். பூச்சி கடிக்காமல் இருக்க நஞ்சைச் சேர்த்து வைக்கிறது என்பது பலர் சொல்லும் விளக்கம்.

நம் ஊருக்கு அருகே வருகிறேன். பழைய கிணற்றுச் சுவரிலும் செங்கல் இடுக்கிலும் நீளநீள ஓலையாக ஒரு பெரணி முளைக்குமே, டெரிஸ் விட்டாட்டா, பார்த்திருப்பாய். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரத்தைக் கரையானிடமிருந்து காக்கும் மருந்து சிந்திய ஒரு நிலத்தில் அது செழிப்பாக நின்றது. லேனா மா என்பவரும் கூட்டாளிகளும் சோதித்தார்கள். ஆர்செனிக் கொடுத்து வளர்த்தபோது இலையின் காய்ந்த எடையில் 2 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2001-இல் வெளியானது. அந்த மரமருந்தில் ஆர்செனிக்கோடு குரோமியமும் தாமிரமும் சேர்ந்தே இருந்தன. பெரணி ஆர்செனிக்கைத்தான் இலை வரை ஏற்றியது. நம் குரோமியத்துக்கு அப்படி நம்பி வயலில் நடக்கூடிய செடி இன்னும் கிடைக்கவில்லை. நீ கண்டுபிடி.

பேரணாம்பட்டு, ஆடு வளர்ப்பவர்: கசடு கொட்டின இடத்துல புல்லு நல்லா வருது. ஆடு மேயலாமா?

வேண்டாம்மா. புல்லுக்குள் ஏறியது கொஞ்சம்தான், ஆனால் ஆடு வேரோடும் மண்ணோடும் பிடுங்கித் தின்னும். அந்த மண்தான் ஆபத்து.

மேற்கு வங்கத்தில் வேலை பார்க்கும் தமிழர்: இங்கே கிணற்று நீரில் ஆர்செனிக் என்கிறார்கள். அரிசியிலும் இருக்குமா? ஊரிலிருந்து அரிசி கொண்டுவரச் சொல்கிறாள் மனைவி.

அரிசியில் இருக்கும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் காற்று இல்லாததால் ஆர்செனிக் கரைந்து நடமாடும். நெல்லுக்கு மணல்சத்து, அதாவது சிலிக்கான், நிறைய வேண்டும். அதை உள்ளே விடும் கதவு வழியாகவே ஆர்செனிக்கும் நுழைந்துவிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் ஆர்செனிக் குறையும். அப்படியே விட்டுவிடலாமா என்றால், காய்ந்த மண்ணில் காட்மியம் நடமாட ஆரம்பிக்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பாசன நெல்லில் ஏறிய காட்மியத்தால் வந்த எலும்பு நோய்க்கு 'இட்டாய் இட்டாய்' என்று பெயர். 'வலிக்குது வலிக்குது' என்று பொருள். சுரங்கக் கழிவுதான் காரணம் என்று 1968-இல் அந்த அரசு ஒப்புக்கொண்டது. நெல்வயலில் ஒன்றை அடக்கினால் ஒன்று எழும்புகிறது.

வீட்டில் செய்யக்கூடியது நம் பாட்டிமார் செய்ததே: நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடிப்பது. வடிகஞ்சியோடு ஆர்செனிக்கில் கணிசமான பங்கு போய்விடும். குக்கரில் போகாது. ஆனால் வேகவைக்கும் தண்ணீரிலேயே ஆர்செனிக் இருந்தால் வடித்தும் பயனில்லை, ஆகவே முதலில் தண்ணீர். மனைவி சொல்வதில் தவறில்லை. இருந்தாலும் மூட்டை தூக்கும் முன் கிணற்று நீரைச் சோதியுங்கள். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு.

திருப்பூர்: நொய்யல் பாசனத்துக்கு உங்கள் பூஞ்சை உதவுமா?

அங்கே முதல் எதிரி உலோகம் இல்லை, உப்பு. 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயநீரைத் தேக்கியது ஊரறிந்த கதை. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதனால்தான். சோடியம் ஏறிய களிமண்ணுக்கு ஜிப்சம், பிறகு நல்ல தண்ணீர், பிறகு வடிகால். வடிகால் இல்லாமல் முதல் இரண்டும் வீண். உமரி போன்ற உப்புச் செடிகள் உப்பை உடம்பில் ஏற்றிக்கொள்ளும், அறுத்து அகற்றினால் கொஞ்சம் குறையும். இதற்கு மேல் உப்பு மண்ணிலேயே ஆயுளைக் கழித்தவர்களைக் கேளுங்கள், நான் குரோமியக்காரி.

வேலூர், தோட்டக்கலை பட்டதாரி: உலோகம் ஏற்றிய செடியை அறுத்த பிறகு எங்கே போடுவது? யாரும் சொல்வதில்லையே?

சொல்லமாட்டார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'பாதுகாப்பாக அகற்றப்படும்' என்று ஒரு வரி இருக்கும். எங்கே, யார், எந்த வண்டியில் என்று இருக்காது. எரித்தால் குரோமியம் சாம்பலில் திரண்டு நிற்கும், அதில் ஒரு பங்கு ஆறாம் வகையாக மாறியும் இருக்கலாம். மக்கவைத்தால் திரும்ப வயலுக்கே வரும். விறகாக விற்றால் யார் வீட்டு அடுப்புக்கோ போகும்.

ஒரு காலத்தில் இதைவிட விபரீதமும் நடந்தது. செடி வேகமாக உறிஞ்சட்டும் என்று மண்ணில் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தை ஊற்றினார்கள். உலோகம் கரைந்தது, செடி கொஞ்சம் குடித்தது, மீதி நிலத்தடி நீருக்குப் போனது. 1990-களின் கடைசியில் ஏகப்பட்ட கட்டுரைகள் இதைப் புகழ்ந்தன. நானும் மாணவியாக இருந்தபோது புகழ்ந்து கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். அந்தத் தாளை இப்போது யாரும் தேடாமல் இருந்தால் சரி.

ஆகவே நான் உறிஞ்சும் செடியைத் தேடுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. குரோமியத்தை மூன்றாம் வகையாக மாற்றி, வேர் மண்டலத்திலேயே அடைத்து, மேலே தூசி பறக்காமல் மூடி வைக்கும் செடியும் பூஞ்சையும்தான் என் வேலை. பார்வைக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். நிதி கேட்கப் போனால், 'எத்தனை கிலோ எடுத்தீர்கள்' என்பார்கள். 'எதையும் எடுக்கவில்லை, நகராமல் வைத்தேன்' என்று சொன்னால் முகம் மாறும்.

மீண்டும் ஆம்பூர் விவசாயி: அப்ப நான் என்னதான் நடறது?

நடுவதற்கு முன் சோதனை ஐயா. உங்களிடம் இருக்கும் மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவு இருக்கும்: தழை, மணி, சாம்பல், துத்தநாகம், பி.எச். என்று. குரோமியம் அதில் கிடையாது, தனியாகக் கேட்க வேண்டும். மொத்தக் குரோமியம், ஆறாம் வகை என்று இரண்டையும் எழுதிக் கொடுங்கள். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் குப்பையை ஒதுக்கி, 'வி' போலக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து அரையடி ஆழம் வரை சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பங்கு போட்டு எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்தால் அரைக்கிலோ மிஞ்சும். குரோமியம் பூசிய பளபள கரண்டியால் எடுக்காதீர்கள், மரக்குச்சி போதும். டேனரி வாய்க்கால் ஓரத்து மண்ணைத் தனிப்பையில் போடுங்கள், மற்றதோடு கலக்காதீர்கள். கிணற்று நீரையும் கொடுங்கள். குடிநீருக்கு மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

முடிவு மோசமாக வந்தால் கீரை, முள்ளங்கி, கிழங்கு வேண்டாம். நிறைய எரு போடுங்கள். டேனரிக் கசடு கலந்த 'எரு' யாராவது சும்மா கொடுத்தால் வாங்காதீர்கள். வாய்க்கால் ஓரம் வெட்டிவேர் நடுங்கள்: ஆழமாகப் போகும், உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும். அந்த வேரை மட்டும் பிடுங்கித் தண்ணீர்ப் பானையில் போட்டுவிடாதீர்கள், நாட்டு மருந்துக் கடைக்கும் விற்காதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வெட்டிவேரைச் சிபாரிசு செய்ய யோசிப்பேன். உங்கள் வேலியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் நடுங்கள். இல்லையென்றால் சவுக்கு. அதன் வேரில் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிரும் உண்டு, பூஞ்சையும் உண்டு, கெட்ட மண்ணிலும் நிற்கும். உப்பு அளவு தாங்கினால் சாமந்தி போடலாம்.

பேரணாம்பட்டு, எழுபது வயதுப் பெரியவர்: எங்க தாத்தா ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டவர். அந்தத் தண்ணீரும் மண்ணைக் கெடுத்ததா?

கொஞ்சம் கெடுத்திருக்கும் தாத்தா. ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாறு கலந்த கருநீர் குளத்தில் விழுந்தால் மீன் மூச்சுத் திணறும். பச்சைத்தோலில் தடவிய உப்பும் அப்போதே வயலுக்குப் போயிருக்கும். ஆனால் குரோமியம் அதில் இல்லை. பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும், குரோமியத்துக்கு ஒரு நாள் போதும்; அதனால் மாறினார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஆலை வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது பேசப்பட்ட நிலங்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்குப் பிறகு கெட்டவை.

ஆவாரையைப் பற்றி நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். அவரை இனம்தான், ஆனால் வேரில் முடிச்சு வைத்துத் தழைச்சத்து சேர்க்காது. பூஞ்சையை நம்பித்தான் பிழைக்கிறது. கசடு கொட்டிய வரப்புகளில் யாரும் நடாமல் தானாக நிற்பவற்றில் அதுவும் ஒன்று. கெட்ட மண்ணிலேயே பல தலைமுறை வாழ்ந்த பூஞ்சை, நல்ல மண்ணின் பூஞ்சையைவிட உலோகத்தைத் தாங்கும். என் தொட்டிகளில் இப்போது இருக்கும் வித்துக்கள் அப்படி ஒரு வரப்பில், ஆவாரை வேரடியில் எடுத்தவை. உங்கள் தாத்தா பட்டை உரித்த செடி எந்தப் பக்கம் நின்றது என்று நினைவிருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரம் ஒரு பையோடு வருகிறேன்.